வயிற்று அறுவைக்குப் பின் குடல் ஒட்டல்: தடுப்பு ஜெல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுவைக்குப் பிறகு உள்ளே ஏன் ஒட்டிக்கொள்கிறது?

வயிற்றின் உட்சுவரையும் குடல், கருப்பை, கல்லீரல் போன்ற உறுப்புகளையும் பெரிட்டோனியம் என்ற வழவழப்பான மெல்லிய உறை மூடியிருக்கிறது. அதன் மேற்பரப்பு ஒரே ஓர் அடுக்கு செல்களால் ஆனது. கத்தி பட்டால் மட்டும் அது சிதைவதில்லை. உலர்ந்த பஞ்சுத்துணி உரசினாலும், விளக்கின் சூட்டில் காய்ந்தாலும், மின்கருவியால் சுட்டாலும், ரத்தம் தேங்கினாலும் சிதையும்.

சிதைந்த இடத்தில் சில மணி நேரத்துக்குள் ஃபைப்ரின் என்ற பசைப்பொருள் கசிகிறது. இரண்டு பரப்புகள் தொட்டுக்கொண்டிருந்தால் இது அவற்றுக்கு நடுவே பாலம் போடும். சாதாரணமாக உடல் பிளாஸ்மின் என்ற நொதியைக் கொண்டு அந்தப் பாலத்தைக் கரைத்துவிடும். அறுவைக்குப் பின் அந்தக் கரைக்கும் திறன் குறைகிறது. அழற்சியும் ரத்த ஓட்டக் குறைவும் பிளாஸ்மினை உருவாக்கும் பொருளைக் குறைத்து, அதைத் தடுக்கும் பொருளைக் கூட்டிவிடுகின்றன. ஏறக்குறைய 3 நாட்களுக்குள் கரையாத ஃபைப்ரினுக்குள் நார்செல்கள் குடியேறி கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை நெய்யத் தொடங்கும். பின்னர் ரத்தக் குழாய்களும் நரம்புகளும்கூட அதற்குள் வளரும். அதுவே நிலையான ஒட்டல்.

நமக்குச் சாதகமான செய்தியும் இதிலேயே இருக்கிறது. பெரிட்டோனியம் ஓரத்திலிருந்து மெல்ல மூடுவதில்லை. காயத்தின் பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் புதுச் செல்கள் முளைக்கின்றன. அதனால் சிறிய காயமானாலும் பெரிய காயமானாலும் ஆறுவதற்கு ஏறக்குறைய ஒரே காலம், 5 முதல் 8 நாட்கள்தான் ஆகும். அந்த ஒரு வாரம் இரண்டு பரப்புகளைத் தொடவிடாமல் வைத்தால் போதும். தடுப்புப் பொருட்கள் எல்லாமே இந்தக் கணக்கில்தான் உருவாக்கப்படுகின்றன.

எத்தனை பேருக்கு ஒட்டல் வரும்? எல்லோருக்கும் தொல்லை தருமா?

வயிற்றைத் திறந்து செய்யும் பெரிய அறுவைக்குப் பின் பெரும்பாலானோருக்கு எங்காவது ஒட்டல் இருக்கும். ஆனால் அவர்களில் பலர் வாழ்நாள் முழுவதும் அதை உணரவே மாட்டார்கள். தொல்லை தந்தால் அது நான்கு வழிகளில் வெளிப்படும்: சிறுகுடல் அடைப்பு, நாள்பட்ட வலி, கருக்குழாய் ஒட்டியதால் கருத்தரிப்புத் தடை, அடுத்த அறுவையில் சிக்கல்.

ஸ்காட்லாந்தில் 1986-இல் வயிறு அல்லது இடுப்புக்குழிப் பகுதியில் திறந்த அறுவை செய்துகொண்டவர்களை 10 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 1999-இல் வெளியானது. ஒட்டலோடு நேரடியாகவோ சாத்தியமாகவோ தொடர்புள்ள காரணத்துக்காக, அல்லது ஒட்டலால் சிக்கலாகக்கூடிய மறு அறுவைக்காக, மூன்றில் ஒருவர் மீண்டும் மருத்துவமனைக்கு வந்திருந்தார். அப்படி வந்தவர்கள் சராசரியாக இரண்டு முறை வந்தனர். ஒட்டல் முதல் ஆண்டிலேயே தொல்லை தரலாம், பத்து இருபது ஆண்டுகள் கழித்தும் தரலாம். “எப்போதோ செய்த அறுவைதானே” என்று மருத்துவரிடம் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

தடுப்பு ஜெல் உள்ளே என்ன செய்கிறது?

இடைவெளியைக் காக்கிறது. பெரும்பாலானவை மருந்தாக வேலை செய்வதில்லை. காயம் பட்ட பரப்பின் மேல் வழுக்கும் படலமாக உட்கார்ந்து, எதிரே இருக்கும் உறுப்பு அதைத் தொடாமல் தடுத்து, காயம் ஆறியதும் தானாகக் கரைந்து வெளியேறுகின்றன. எடுப்பதற்கு இன்னொரு அறுவை வேண்டாம்.

ஏற்கெனவே இருக்கும் ஒட்டலை ஜெல் கரைக்காது. அதை முதலில் அறுவை செய்து பிரிக்க வேண்டும். பிரித்த இடம் மீண்டும் ஒட்டாமல் இருக்கவே ஜெல்.

என்னென்ன வகைகள் இருக்கின்றன?

ஜெல் என்று பொதுவாகச் சொன்னாலும் படலம், ஜெல், தெளிப்பு, திரவம் என நான்கு வடிவங்கள் உண்டு. ஒன்றின் விதி மற்றொன்றுக்குப் பொருந்தாது.

படலங்களில் அதிகம் ஆராயப்பட்டது ஹையலூரோனிக் அமிலமும் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸும் சேர்ந்த செப்ராஃபிலிம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1996-இல் இதற்கு ஒப்புதல் தந்தது. ஒரு தாள் சுமார் 13 × 15 செ.மீ. வைத்த ஓரிரு நாளில் ஈரம் உறிஞ்சி ஜெல்லாகி, ஏறக்குறைய 7 நாட்கள் அங்கேயே இருந்து, 28 நாட்களுக்குள் உடலை விட்டு வெளியேறும். இன்னொன்று ஆக்ஸிஜனேற்றப்பட்ட செல்லுலோஸால் நெய்த இன்டர்சீட் (1989-இல் ஒப்புதல்). இது துணிபோல் வளையும் என்பதால் லேப்ராஸ்கோப்பி (வயிற்றை வாயுவால் உப்பவைத்து, சிறு துளைகள் வழியாகக் கேமரா கொண்டு செய்யும் அறுவை) குழாய் வழியாகவும் செலுத்தலாம். ஆனால் ரத்தம் பட்டால் இது சற்றும் தாங்காது.

குழாய்க்குள் அடைத்து வரும் ஜெல்களில், ஹையலூரோனிக் அமில மூலக்கூறுகளைத் தமக்குள்ளேயே பிணைத்துத் தடிமனாக்கிய வகை பரவலாக உள்ளது. பிணைக்காத ஹையலூரோனிக் அமிலம் உள்ளே வைத்தால் சீக்கிரம் உறிஞ்சப்பட்டுவிடும், வேண்டிய ஒரு வாரம் தாங்காது. பாலிஎதிலீன் ஆக்சைடும் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸும் கலந்த ஜெல்லும் உண்டு.

தெளிப்பு வகையில் பாலிஎதிலீன் கிளைகாலின் இரண்டு திரவங்கள் நுனியில் கலந்து, திசுவின் மேல் சில நொடிகளில் ஜெல்லாக உறையும். எங்கே பட்டது, எங்கே விட்டுப்போனது என்று கண்ணுக்குத் தெரிய, இவ்வகையில் சிலவற்றில் நீலச்சாயம் சேர்த்திருந்தார்கள். நல்ல யோசனை அது. நிறமில்லாத ஜெல்லை ஈரமான திசுவின் மேல் கண்டுபிடிப்பது கடினம்.

திரவ வகை 4% ஐகோடெக்ஸ்ட்ரின் (சோளமாவிலிருந்து எடுக்கும் சர்க்கரைச் சங்கிலி) கரைசல். லேப்ராஸ்கோப்பி வழியாகப் பெண்களுக்கு ஒட்டல் பிரிக்கும் அறுவைக்கு அமெரிக்காவில் 2006-இல் ஒப்புதல் பெற்றது. அறுவையின்போது குறைந்தது 30 நிமிடத்துக்கு ஒருமுறை 100 மி.லி. விட்டுக் கழுவி, முடிவில் 1 லிட்டர் உள்ளே விட்டுவிடுவார்கள். உறுப்புகள் அதில் மிதந்தபடி 3, 4 நாட்கள் விலகியிருக்கும். சாதாரண உப்புநீரை விட்டால் இது நடக்காது. பெரிட்டோனியம் மணிக்கு 30 முதல் 50 மி.லி. வரை உறிஞ்சும் என்பதால் ஒரு லிட்டர் உப்புநீர் ஒரு நாள் சுமாரில் காணாமல் போய்விடும்.

சந்தையிலிருந்து விலக்கப்பட்ட பொருளும் உண்டு. இரும்பு அயனியால் பிணைத்த ஹையலூரோனிக் அமில ஜெல் ஒன்று, அறுவைக்குப் பின் தாமதமாக எழுந்த வலியும் மறு அறுவைகளும் பதிவானதால் 2003-இல் நிறுத்தப்பட்டது. அடிப்படைப் பொருள் ஒன்றே என்பதால் எல்லாம் ஒரே அளவு பாதுகாப்பானவை என்று எண்ணிவிடக் கூடாது.

நல்ல ஜெல் இருந்தால் போதுமா? அறுவை முறைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

அறுவை முறைக்குத்தான் முதலிடம். எளிய கணக்கு ஒன்று: பெரிட்டோனியத்தின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 1.5 முதல் 2 சதுர மீட்டர், அதாவது 15,000 முதல் 20,000 சதுர செ.மீ. ஒரு படலத் தாளின் பரப்பு 195 சதுர செ.மீ. கவனமில்லாமல் கையாண்ட வயிற்றை எத்தனை தாள் வைத்தும் மூடிவிட முடியாது.

ஆகவே ரத்தக்கசிவை முழுதாக நிறுத்த வேண்டும், அதே சமயம் கண்டபடி சுட்டுக் கருக்கவும் கூடாது, ஏனெனில் கருகிய திசுவும் ஒட்டலுக்கு விதைதான். குடலை வெளியே எடுத்து வைத்தால் வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியால் மூடி, அவ்வப்போது மீண்டும் நனைக்க வேண்டும். உலர்ந்த துணியால் குடலைத் துடைப்பது அந்த ஒற்றைச் செல் அடுக்கை அப்படியே வழித்தெடுத்துவிடும். மெல்லிய தையல் நூல், குறைவான முடிச்சு. தேவையில்லாத இடத்தில் பெரிட்டோனியத்தை இழுத்துத் தைத்தால் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறையும், ஒட்டல் கூடும். பொடி தூவிய கையுறை வேண்டவே வேண்டாம்: மாவுத் துகள் உள்ளே விழுந்தால் சிறுகட்டிகளும் ஒட்டலும் உண்டாகும். அமெரிக்கா 2017-இல் அத்தகைய கையுறைகளைத் தடை செய்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

லேப்ராஸ்கோப்பியில் பொதுவாக ஒட்டல் குறைவு. ஆனாலும் உலர்ந்த குளிர்ந்த வாயுவும் அதிக அழுத்தமும் நேரம் நீண்டால் பெரிட்டோனியத்தைப் பாதிக்கும். முடிந்த அளவு குறைந்த அழுத்தத்தில், வேகமாக முடிப்பது நல்லது.

ஜெல்லை எப்படி இடுவார்கள்?

எல்லாம் முடிந்த பிறகு, மூடுவதற்குச் சற்று முன். துணிகளையும் கருவிகளையும் எண்ணிச் சரிபார்த்தாயிற்று, கழுவியாயிற்று, இனி உள்ளே கைவைக்க வேலையில்லை என்ற நிலை வர வேண்டும். கழுவிய நீரை, குறிப்பாகக் கருப்பைக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் தேங்கியதை, முழுதாக உறிஞ்சி எடுக்க வேண்டும். லேப்ராஸ்கோப்பி என்றால் வாயு அழுத்தத்தைக் குறைத்து ஒரு நிமிடம் பார்ப்பது நல்லது. அழுத்தம் அமுக்கி வைத்திருந்த சிறு சிரை ரத்தக்கசிவுகள் அப்போதுதான் தெரியும்.

பிறகு நீண்ட நுனிக்குழாயை ஜெல் குழாயோடு பொருத்தி, முதல் துளி நுனியில் எட்டும் வரை தள்ளிவிட்டு, தையல் கோட்டின் ஆழமான பக்கத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி இழுத்தபடி ஜெல்லைப் படரவிட வேண்டும். கோட்டின் மேல் மட்டும் கயிறுபோல் வைத்தால் போதாது. இரண்டு பக்கமும் ஒன்றிரண்டு செ.மீ. தாண்டி மூட வேண்டும், ஏனெனில் ஊசி நுழைந்த துளைகளும் இடுக்கி பிடித்த இடமும் அங்கேதான். ஒரு குழாயில் பெரும்பாலும் 10 மி.லி. இருக்கும். பல கட்டிகள் எடுத்த கருப்பைக்கு அது போதாமல் போகலாம். இருக்கும் ஜெல்லை எல்லா இடத்திலும் மெலிதாகத் தேய்ப்பதைவிட, ஆபத்து அதிகமான இடத்தை முழுதாக மூடுவது மேல். கருப்பையின் பின்சுவர் வெட்டு முன்சுவர் வெட்டைவிட அதிகம் ஒட்டும், குடலும் கருக்குழாயும் அங்கே படிவதால். ஆகவே முதலில் பின்சுவர்.

இட்ட பிறகு மீண்டும் கழுவக் கூடாது. நோயாளியைத் தலைகீழ்ச் சாய்விலிருந்து மெதுவாக நிமிர்த்த வேண்டும். உறிஞ்சும் வடிகுழாய் கட்டாயம் என்றால், அதன் வாய் ஜெல் இட்ட இடத்திலிருந்து விலகியிருக்க வேண்டும். இல்லையென்றால் மறுநாள் காலை ஜெல் வடிகலத்தில் கிடக்கும்.

தெளிப்பு வகையில் தனிக் கவனம்: பாதியில் நிறுத்தினால் நுனியிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். மாற்று நுனி ஒன்று தயாராக இருக்கட்டும். இவ்வகை ஜெல்களில் சில உறைந்த பின் நீர் உறிஞ்சிப் பல மடங்கு பருக்கும், குறுகலான இடங்களில் தடிமனாக இடக் கூடாது.

படலம் வைப்பதில் என்ன சிக்கல்?

ஹையலூரோனிக் அமிலப் படலம் காய்ந்த நிலையில் நொறுங்கும், ஈரம் பட்டால் கையுறையில் ஒட்டும். உறையிலிருந்து கடைசி நேரத்தில் எடுத்து, உலர்ந்த கையுறையும் உலர்ந்த இடுக்கியும் கொண்டு, தாங்கு காகிதத்தோடு சேர்த்தே நறுக்க வேண்டும். தாளின் ஓரம் ஓரிரு செ.மீ. வெளியே நீட்டியிருக்கும்படி பிடித்து, வழியில் எந்தத் திசுவையும் தொடாமல் இறக்கி, வேண்டிய இடத்தில் மெதுவாக அழுத்திக் காகிதத்தை உருவ வேண்டும். தவறான இடத்தில் ஒட்டிவிட்டால் உரிக்க முயலாமல், அங்கேயே நனைத்து விட்டுவிட்டு, புதிய துண்டு வைப்பது நல்லது. நடுவயிற்று வெட்டுக்குக் கீழே, குடலுக்கும் வயிற்றுச் சுவருக்கும் இடையில் வைப்பதுதான் இதன் வழக்கமான இடம்.

செல்லுலோஸ் துணி வேறு மாதிரி. ஒரே அடுக்காகப் பரப்பி, சிறிது உப்புநீரால் நனைத்தால் திசுவோடு படியும். ரத்தம் ஊறினால் கறுத்துப்போகும். கறுத்த துண்டு பயன் தராது, ஒட்டலுக்கே இடம் கொடுக்கும். அதை எடுத்து, கசிவை நிறுத்தி, புதிய துண்டு வைக்க வேண்டும்.

ஜெல் வைத்தும் ஏன் சிலருக்கு ஒட்டுகிறது?

ரத்தக்கசிவுதான் முதல் காரணம். ஜெல்லுக்கு அடியிலும் மேலுமாக ரத்தம் பரவினால் ஃபைப்ரின் பாலம் அதன் வழியாகவே போடப்பட்டுவிடும். தேங்கிய நீர் ஜெல்லை நீர்க்கச் செய்வது அடுத்தது. மூன்றாவது, ஜெல் இட்ட இடம் ஒன்று, ஒட்டிய இடம் வேறொன்று: கருவி உரசிய குடற்பகுதியையோ வயிற்றுச் சுவரில் துளையிட்ட இடத்தையோ யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கிருமித்தொற்று இருந்தால் அழற்சி ஒரு வாரத்தைத் தாண்டியும் நீளும், ஜெல் அதற்குள் கரைந்திருக்கும். எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) உள்ளவர்களுக்கு நோயே தொடர்ந்து அழற்சியைத் தூண்டுவதால் பலன் குறையலாம்.

யாருக்கு, எங்கே வைக்கக் கூடாது?

சீழ், குடல் உள்ளடக்கம் சிந்திய வயிறு, வேறு கடுமையான தொற்று: இங்கே பொதுவாகத் தவிர்க்க வேண்டும். பொருளின் ஏதாவதொரு கூறுக்கு ஒவ்வாமை இருந்தாலும் கூடாது.

குடலை வெட்டி இணைத்த தையலைச் சுற்றிப் படலத்தைப் போர்த்துவது ஆபத்து. பெரிய ஆய்வொன்றில், செப்ராஃபிலிமைப் புதிய இணைப்பின் மேல் நேரடியாகச் சுற்றியவர்களுக்கு இணைப்புக் கசிவு அதிகமாக இருந்தது. அந்த இணைப்பு ஆறுவதற்குச் சுற்றியிருக்கும் கொழுப்புத்திசு வந்து ஒட்டிக்கொள்வது உதவி செய்கிறது. அதையே தடுத்தால் எப்படி? அறுவை வெட்டுக்குக் கீழே வைப்பது வேறு, இணைப்பின் மேல் போர்த்துவது வேறு. ஐகோடெக்ஸ்ட்ரின் கரைசலைக் குடல் வெட்டிய அறுவையிலும், குடல்வால் அகற்றிய அறுவையிலும் பயன்படுத்தக் கூடாது என்று அதன் அறிவுறுத்தலே சொல்கிறது. சோளமாவு ஒவ்வாமை, மால்டோஸ் என்ற சர்க்கரையை ஏற்காமை உள்ளவர்களுக்கும் அது ஆகாது.

எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. கவனிக்க வேண்டியது உண்டா?

ஐகோடெக்ஸ்ட்ரின் விட்டிருந்தால் மிக முக்கியமாக உண்டு. அது உடலில் மால்டோஸாக உடைகிறது. சில வகை விரல்நுனி குளுக்கோமீட்டர்கள் மால்டோஸையும் குளுக்கோஸாகக் கணக்கிட்டு, இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அறுவைக்குப் பின் குறைந்தது 4 நாட்களுக்கு, மால்டோஸால் பாதிக்கப்படாத பட்டையையோ ஆய்வகச் சோதனையையோ மட்டும் நம்ப வேண்டும். வார்டில் இருக்கும் செவிலியரிடமும் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். படலம், ஜெல் வகைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் எவ்வளவு உறுதி?

ஒட்டலைக் குறைக்கிறதா என்றால், பல பொருட்களுக்கு ஆதாரம் நன்றாகவே இருக்கிறது. பெருங்குடல் அகற்றியவர்களிடம் 1996-இல் வெளியான ஆய்வில், சில வாரங்கள் கழித்து லேப்ராஸ்கோப்பி மூலம் பார்த்தபோது, செப்ராஃபிலிம் வைத்தவர்களில் 51% பேருக்கு வெட்டுக்குக் கீழே ஒட்டலே இல்லை. வைக்காதவர்களில் அப்படி இருந்தவர்கள் 6% மட்டும்.

நோயாளிக்கு நேரடியாக என்ன லாபம் என்று கேட்டால் எண்கள் சிறிதாகின்றன. குடல் வெட்டியவர்களிடம் நடந்த, 2006-இல் வெளியான பெரிய ஆய்வில், மறு அறுவை தேவைப்பட்ட ஒட்டல் அடைப்பு 3.4 சதவீதத்திலிருந்து 1.8 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் மொத்த அடைப்பு விகிதத்தில் வித்தியாசம் இல்லை. ஐகோடெக்ஸ்ட்ரின் ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாக உள்ளன. வலி குறையும், குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடும் என்பதற்கு வலுவான சான்று இன்னும் இல்லை. “இதை வைத்தால் கட்டாயம் கருத்தரிக்கலாம்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பக்கவிளைவுகள்?

பெரும்பாலும் குறைவு. ஐகோடெக்ஸ்ட்ரினுக்குப் பின் துளைகள் வழியாக நீர் கசிவதும், பெண்களுக்குப் பிறப்புறுப்புப் பகுதியில் தற்காலிக வீக்கமும் வரலாம், பொதுவாகத் தானே வடியும். எந்தப் பொருளானாலும், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, விடாத காய்ச்சல் ஆகியவற்றை ஜெல்லின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. குடல் கசிவோ சீழோ இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் வேறு காரணம் தேட வேண்டும்.

சாப்பாடு, நடை, வயிற்றைத் தேய்த்துவிடுதல், மாத்திரை — இவை ஒட்டலைத் தடுக்குமா?

தடுக்கும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. சீக்கிரம் எழுந்து நடப்பது குடல் அசைவுக்கும் காலில் ரத்தம் உறையாமல் இருக்கவும் நல்லது, அதற்காக நடங்கள். ஆறாத வயிற்றைத் தேய்க்காதீர்கள்.

ஸ்கேனில் ஒட்டல் தெரியுமா?

நேரடியாக அரிதாகவே தெரியும். சிடி ஸ்கேன் ஒட்டலின் விளைவைக் காட்டும்: மேலே வீங்கிய குடல், கீழே சுருங்கிய குடல், நடுவில் மாறும் புள்ளி. ஸ்கேன் சரியாக இருக்கிறது என்பதால் ஒட்டல் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

எப்போது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

விட்டு விட்டுச் சுருட்டும் வலி, பச்சையாகவோ மஞ்சளாகவோ வாந்தி, வயிறு உப்பல், காற்றும் மலமும் போகாமை ஆகியவை சேர்ந்து வந்தால் குடல் அடைப்பாக இருக்கலாம். வீட்டில் பேதி மருந்து கொடுக்காதீர்கள். சுருட்டல் நின்று வலி இடைவிடாமல் நிலைத்துவிட்டால், அல்லது காய்ச்சலும் வேகமான நாடியும் சேர்ந்தால், குடலுக்கு ரத்தம் போகாமல் இருக்கலாம். அப்போது ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

எல்லா அடைப்புக்கும் அறுவை வேண்டியதில்லை. குடல் அழுகும் அறிகுறி இல்லையென்றால் மூக்குக்குழாய், சிரை வழி நீர், பட்டினி என்று 72 மணி நேரம் வரை பொறுத்துப் பார்ப்பார்கள். நீரில் கரையும் சாயத்தைக் குடிக்கக் கொடுத்து எக்ஸ்ரே எடுப்பதும் உண்டு. 24 மணி நேரத்துக்குள் சாயம் பெருங்குடலை எட்டினால் அறுவையில்லாமல் சரியாகும் வாய்ப்பு அதிகம்.

அறுவைக்கு முன் மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

லேப்ராஸ்கோப்பியில் முடியுமா? தடுப்புப் பொருள் வைப்பீர்களா, வைத்தால் எது, எந்த இடத்தில்? முன்பு வயிற்றில் அறுவை செய்தவர்கள், கருப்பைக் கட்டி அகற்றப்போகிறவர்கள், இனிமேல் குழந்தை வேண்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள். பித்தப்பை அகற்றுவதுபோல் சிறிய லேப்ராஸ்கோப்பி அறுவைக்கு வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் அது நியாயமான பதில்தான்.

முடிந்த பின் அறுவைக் குறிப்பின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பொருளின் பெயர், தொகுதி எண், அளவு, வைத்த இடம், அறுவையின்போது ஏற்கெனவே இருந்த ஒட்டல்கள் எங்கே, எவ்வளவு அடர்த்தி என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அடுத்த முறை வயிற்றைத் திறக்கும் மருத்துவர், முதல் துளையைத் தொப்புளில் போடலாமா அல்லது இடது விலாவுக்குக் கீழே போடுவது பாதுகாப்பா என்று அந்தக் குறிப்பைப் பார்த்து முடிவு செய்ய முடியும்.